பேரூராட்சி வார்டில் கவுன்சிலராக நிற்பது எப்படி? தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் சித்தி இரண்டு தடவை வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றார். 2011-ல் 31 ஓட்டில் தோற்றார். 2022-ல் 58 ஓட்டில் ஜெயித்தார். இரண்டு தடவையும் சுயேச்சைதான். இரண்டு தடவையும் முகவராக வேலை பார்த்தவன் நான். முதல் தடவை எங்களுக்கு ஆள் இருந்தது, ஆசை இருந்தது, நோட்டு இல்லை. நோட்டு என்றால் துட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ரூல் போட்ட நோட்டு, அதில் வார்டின் ஒவ்வொரு வீடும். அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் சேரன்மகாதேவி, பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல், ஏர்வாடி, திருக்குறுங்குடி, பணகுடி, திசையன்விளை என்று பேரூராட்சிகள் நிறைய. இப்படி ஓர் ஊரில் நிற்க நினைப்பவருக்குத்தான் இதை எழுதுகிறேன். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு போன்ற நகராட்சிக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கிராம ஊராட்சிக்கு மட்டும் கதை வேறு. அங்கே வார்டு உறுப்பினர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, வாக்குச்சீட்டில் முத்திரை குத்த வேண்டும். பேரூராட்சியில் கட்சிச் சின்னம் உண்டு, வாக்கு எந்திரத்தில் பதிவாகும்.

முதலில், அந்தப் பதவியால் என்ன முடியும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் நிற்பவர்கள்தான் அதிகம். குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால், குப்பை, தெருச்சாலை, சுடுகாடு, பொதுக் கழிப்பறை, சந்தை, சொத்து வரி, கட்டட அனுமதி ஆகியவை பேரூராட்சியின் வேலை. ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் உதவித்தொகை எல்லாம் வருவாய்த் துறை, உணவு வழங்கல் துறை சார்ந்தவை. மின்கம்பம் மின்வாரியத்துடையது. கவுன்சிலர் கூடவே போய் மனு எழுதிக் கொடுக்கலாம், பின்தொடரலாம். கையெழுத்துப் போட்டு வாங்கித் தர முடியாது.

2011-ல் நாங்கள் செய்த பெரிய தப்பு இதில்தான். கேட்டவருக்கெல்லாம் பட்டா வாங்கித் தருவதாகச் சொன்னோம். ஊர்க்காரர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஓர் அண்ணாச்சி நேராகவே கேட்டார்: "அது தாசில்தார் ஆபீஸ்ல உள்ள வேலைல்லா? நீங்க எப்படித் தருவீங்க?" பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தெருவே எங்கள் கையை விட்டுப் போனது.

துட்டு சம்பாதிக்கும் பதவியும் இல்லை இது. 2023 ஜூலையிலிருந்து தமிழக அரசு மாத மதிப்பூதியம் தருகிறது. பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000. அதற்கு முன்பு கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு படி, அவ்வளவுதான். வீட்டில் இதைச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

தகுதி: நாளைக்கே சரிபார்க்க வேண்டியவை

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். உங்கள் பெயர் அந்தப் பேரூராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். எந்த வார்டில் பெயர் இருந்தாலும் வேறு வார்டில் நிற்கலாம். ஆனால் உங்களை முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெரு நண்பரை முன்மொழிய வைத்தார். தெருவின் அந்தப் பக்கம் வேறு வார்டு. பரிசீலனை நாளில் மனு தள்ளுபடி. ஒரு வருட உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விட்டது.

அரசு ஊழியர் நிற்க முடியாது. பேரூராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்து, அது இன்னும் நடந்துகொண்டிருந்தால் சிக்கல். சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை என்று பேரூராட்சிக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி எதுவும் நிற்கக் கூடாது. எல்லாவற்றையும் கட்டி, ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள். அப்பா பேரில் உள்ள வீடாக இருந்தாலும் கட்டிவிடுங்கள். தேர்தல் நேரத்தில் எதிராளி தேடுவது இதைத்தான்.

அப்புறம் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீடு உண்டு. எந்த வார்டு யாருக்கு என்பது அரசிதழில் வரும். அது வரும்வரை ஒரே வார்டை மட்டும் நம்பி நிற்காதீர்கள். பக்கத்து வார்டிலும் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் வார்டு ஆகிவிட்டால் மனைவி பேரில் மனுப்போட்டு, தானே கவுன்சிலர் மாதிரி நடக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இது எனக்கு மனதாரப் பிடிக்காத விஷயம். சித்தி நின்றபோது சித்தப்பா ஒரு முடிவு எடுத்தார். பிரசாரத்தில் அவர் பேசவே மாட்டார், நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். சித்தி முதல் இரண்டு நாள் திணறினார். மூன்றாம் நாளிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் திண்ணையில் அவரைப் பிடித்து உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். ஆண்கள் கூடவே நின்றிருந்தால் அந்தப் பேச்சு நடந்தே இருக்காது. கழிப்பறைக் கதவு இல்லாததும், தெருவிளக்கு எரியாத முடுக்கு வழியாகப் பீடிக்கடைக்குப் போக வேண்டியிருப்பதும் அங்கேதான் வெளியே வந்தன.

நோட்டு

பேரூராட்சிகளில் பெரும்பாலும் 15, 18 அல்லது 21 வார்டுகள் இருக்கும். எங்கள் வார்டில் 1,100 சொச்சம் ஓட்டு. பதிவாவது 800 பக்கம். நான்கு பேர் நின்றால் 300 ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார். 300 பேர் என்றால் கிட்டத்தட்ட நூறு வீடு. நூறு வீட்டைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்க யாராலும் முடியும்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்து வெளியிடுவார்கள். அதனால் பெயர் சேர்க்க, நீக்க, முகவரி மாற்ற வேண்டிய வேலையை முன்கூட்டியே சட்டமன்றப் பட்டியலில் செய்துவிட வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. 2025 கடைசியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாடு முழுவதும் லட்சக்கணக்கான பெயர்கள் நீங்கின. உங்கள் வார்டில் யார் பெயர் போயிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பெயர் விட்டுப்போன ஒரு பாட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, அது சேரும்வரை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் போய் நின்றால், அந்த வீடு உங்களை மறக்காது.

நோட்டு எழுதுவது இப்படி. தெரு வாரியாகப் பிரியுங்கள். ஒரு வீட்டுக்கு அரைப்பக்கம். வீட்டில் உள்ள வாக்காளர்கள் பெயர், வரிசை எண், வேலை. வெளியூரில் இருப்பவர்கள் யார்? நம் பக்கத்தில் எந்தத் தெருவிலும் சென்னை, மும்பை, திருப்பூர், வளைகுடா என்று ஆள் போயிருப்பார்கள். அவர்களில் யார் ஓட்டுப்போட வருவார், யார் கோவில் கொடைக்கு மட்டும் வருவார் என்று வீட்டில் பேச்சோடு பேச்சாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டின் ஒரே ஒரு குறை. ஒன்று போதும். குழாயில் தண்ணீர் வராதது, வாசலில் சாக்கடை நிற்பது, இப்படி. கடைசியில் யார் பேச்சை அந்த வீடு கேட்கும் என்று ஒரு வரி. சில வீட்டில் ஆச்சி, சில வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள்.

யார் எந்தச் சாதி, யார் எந்தக் கட்சி என்று நோட்டில் எழுதாதீர்கள். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுதி வைத்தால் கண் அதை மட்டும்தான் பார்க்கும். 2011-ல் எங்களிடம் இருந்த தாளில் அது மட்டும்தான் இருந்தது. "அந்தத் தெரு நமக்கு விழாது" என்று மூன்று தெருவுக்கு நாங்கள் போகவே இல்லை. தோற்ற ஓட்டு 31. அந்த மூன்று தெருவில் மட்டும் இருநூறு ஓட்டுக்கு மேல் இருந்தது.

போகும் நேரமும் முக்கியம். முக்கூடல், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் மத்தியானம் திண்ணையில் தட்டோடு இருப்பார்கள். கை வேலை பார்க்கும், காது நம்மிடம் இருக்கும். நிதானமாகப் பேச அதுதான் நேரம். பீடிக்கடையில் ஒப்படைக்கப் போகும் நேரத்தில் நிறுத்திப் பேசினால் எரிச்சல்தான் வரும். வயல்காரர்களை விடியற்காலை டீக்கடையில் பார்க்கலாம். வயலுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவரும் கன்னடியன் கால்வாய் திறந்திருக்கும் காலத்தில் பகலில் வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள்.

ஒரு வருடம் முன்பிருந்தே

நோட்டில் உள்ள குறைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று குறை திரும்பத் திரும்ப வரும். எங்களுக்குக் கிடைத்தவை: மேட்டுத் தெருவில் குடிநீர் ஏறாதது, பள்ளிக்கூடம் பக்கத்து ஓடையில் குப்பை, எரியாத எட்டு விளக்கு. தாமிரபரணி பக்கத்திலேயே ஓடியும் குழாயில் தண்ணீர் இல்லை என்பது இந்தப் பக்கத்து நெடுநாள் வேதனை. ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாக எத்தனையோ ஊருக்குப் போகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்த வால்வு எந்த நேரம் திறக்கிறது என்று தண்ணீர் திறந்துவிடும் ஊழியரிடம் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பாதி வார்டுக்கு முன்பே தெரியாத விவரம் அது.

குறையை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. 2022-லிருந்து வார்டுகளில், மக்களே நேரில் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடத்த விதி இருக்கிறது. உங்கள் வார்டில் எப்போது என்று கேளுங்கள், நடந்தால் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு விளக்கில் ஐந்து எரிய ஆரம்பித்தது நாங்கள் நிற்பதற்கு முன்பே. பதவி இல்லாமலே செய்த வேலை அது, அதனால்தான் ஊர் நம்பியது.

கட்சியா, சுயேச்சையா?

கட்சி என்றால் சின்னம் ஏற்கெனவே தெரிந்தது, பூத் ஆள் கிடைக்கும், தலைவர் தேர்தலில் உங்கள் குரலுக்குப் பின்னால் கூட்டம் இருக்கும். விருப்ப மனு, கிளைச் செயலாளர், மாவட்டம் என்று படி ஏற வேண்டும். கூட்டணி பேசும்போது உங்கள் வார்டு வேறு கட்சிக்குப் போய்விடலாம். கட்சி அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை எதுவும் உறுதியில்லை. சுயேச்சை என்றால் எல்லாமே நீங்கள்தான். சிறிய வார்டில் சுயேச்சை ஜெயிப்பது அபூர்வமான விஷயம் இல்லை.

ஊர்க் கூட்டம் போட்டு "இன்னார்தான் நிற்கணும்" என்று முடிவு பண்ணுவதும், பதவியை ஏலம் விடுவதும் சில இடங்களில் நடக்கும். ஏலம் சட்டப்படி குற்றம். கோவில் கட்டத் துட்டு கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் அதில் பெயர் கொடுக்காதீர்கள். மனுப்போடக் கூடாது என்று யாராவது மிரட்டினால் தனியாகச் சுமக்காமல் தேர்தல் அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

மனுத்தாக்கல்

2022 அட்டவணையைப் பாருங்கள், அவசரம் புரியும். ஜனவரி 26-ல் அறிவிப்பு. 28-லிருந்து பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல். 5-ல் பரிசீலனை, 7-ல் வாபஸ் கடைசி நாள். 19-ல் வாக்குப்பதிவு, 22-ல் எண்ணிக்கை. இறுதி வேட்பாளர் பட்டியல் வந்த பிறகு கையில் இருந்தது பன்னிரண்டு நாள்தான். அதிலும் கடைசி இரண்டு நாள் பிரசாரம் கிடையாது. 2022 மார்ச் 2-ல் பதவியேற்ற மன்றங்களுக்கு ஆயுள் ஐந்து வருடம் என்பதை வைத்து உங்கள் நாட்களைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேரூராட்சி அலுவலகத்திலேயே மனு வாங்குவார்கள். பொதுவாகச் செயல் அலுவலர்தான் தேர்தல் நடத்தும் அலுவலர். மனுவோடு சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு விவரங்கள் அடங்கிய உறுதிமொழிப் படிவமும் தர வேண்டும். எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே. 2022-ல் வைப்புத்தொகை பேரூராட்சிக்கு 1,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் அது திரும்பாது.

கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டாம் நாளே போனால், ஏதாவது குறை இருந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். உங்கள் மனு தள்ளுபடியானாலும் களத்தில் ஒருவர் இருக்கும்படி மாற்று வேட்பாளராக நம்பிக்கையான ஒருவரை மனுப்போட வைப்பதும் நல்லது.

சுயேச்சைகள் சின்னப் பட்டியலிலிருந்து விருப்பத்தை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றையே கேட்டால் குலுக்கல். அழகான சின்னம் தேடாதீர்கள். வீட்டில் இருக்கிற பொருளாக, ஒரே சொல்லில் சொல்லக்கூடியதாக, எந்திரத்தில் சின்னதாகத் தெரிந்தாலும் ஆச்சிக்கு அடையாளம் தெரிகிறதாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள்

ஒலிபெருக்கி, ஆட்டோ எல்லாம் ஒருநாள் போதும். மிச்ச நாளெல்லாம் நடை. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தடவை: முதல் தடவை சின்னம் சொல்ல, இரண்டாம் தடவை அந்த வீட்டுக் குறையைப் பற்றிப் பேச, மூன்றாம் தடவை வாக்குச்சாவடியும் வரிசை எண்ணும் எழுதிய சீட்டுக் கொடுக்க. இரண்டாம் தடவைக்குத்தான் நோட்டு. ஓர் ஆச்சி சித்தியிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "ஓட்டு போடுதேன் தாயி. ஜெயிச்ச பொறவு இந்த முடுக்குக்குள்ள வாரியான்னுதான் பாக்கணும்." சித்தி அந்த நோட்டைத் திறந்து, ஆச்சி வீட்டுப் பக்கத்தைக் காட்டினார். ஆறு மாதம் முன்பு எழுதியது, தேதியோடு. ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது, பேத்தி வாசித்துக் காட்டினாள்.

எதிராளியைப் பற்றிப் பேசாதீர்கள். சின்ன ஊரில் எதிராளி நமக்கு மதினியாகவோ மச்சானாகவோ வருவார். தேர்தல் முடிந்ததும் அதே கல்யாணத்தில் பக்கத்துப் பந்தியில் உட்கார வேண்டும்.

துட்டு விஷயம். 2022-ல் பேரூராட்சி உறுப்பினருக்குச் செலவு வரம்பு 17,000 ரூபாய். அதற்குள் நோட்டீஸ், ஆட்டோ, டீ எல்லாம் முடித்துவிடலாம், நாங்கள் முடித்தோம். ஓட்டுக்குத் துட்டு கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கடைசி இரண்டு ராத்திரியில் எதிர்த்தரப்பு கவர் கொடுக்கிறது என்று செய்தி வரும்போது நம் ஆட்களே பதறுவார்கள். "நாமளும் கொடுக்கலாம், ஒரு வீட்டுக்கு ஐநூறாவது" என்பார்கள். அந்த ராத்திரி உறுதியாக நிற்க, முன்பே வீட்டில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் வீடு வீடாக மறுபடி போனோம். "யார் கொடுத்தாலும் எங்களுக்குத் தெரியாது, எங்களால கொடுக்க முடியாது, விளக்கு மட்டும் எரியும்" என்றார் சித்தி. கவர் வாங்கியவர்களிலும் எங்களுக்குப் போட்டவர்கள் உண்டு என்று பிறகு தெரிந்தது.

வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்

முகவர்கள் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பு நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கே போய்விட வேண்டும். சில வார்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாக்குச்சாவடி இருக்கும். பெண்கள் சாவடிக்குத் தெருப் பெண்களையே முகவராகப் போடுங்கள், வரும் முகங்கள் அவர்களுக்குத்தான் தெரியும். சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. பகல் ஒரு மணிக்கு நோட்டை எடுத்து, யார் இன்னும் வரவில்லை என்று பார்த்துப் போன் போடுங்கள். நாங்கள் ஜெயித்த 58 ஓட்டு வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மதியத்துக்குப் பிறகு வந்தவர்கள்.

எண்ணும்போது முகவர் ஒவ்வொரு எந்திரத்தின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டு சமமானால் குலுக்கல்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குத் தர வேண்டும். தோற்றவர்கள் இதை விட்டுவிடுவார்கள். விட்டால் அடுத்த தடவை நிற்பதற்கே தடை வரலாம். 2011-ல் அந்தச் சோர்விலும் சித்தி கணக்கைக் கொடுத்தார்.

ஜெயித்த மறுநாள்

2011-ல் பேரூராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-ல் அந்த மன்றங்களின் காலம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2022-ல் முறை மாறியது. தலைவர், துணைத்தலைவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். மார்ச் 2 பதவியேற்பு, மார்ச் 4 தலைவர் தேர்தல். நடுவில் உள்ள அந்த இரண்டு நாளில் சுயேச்சை வீட்டுக்கு வராதவர்கள் இருக்கமாட்டார்கள். சித்தி எல்லோருக்கும் காப்பி கொடுத்து, எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: மேட்டுத் தெருவுக்குத் தனிக் குழாய் போட முதல் வருடத் தீர்மானத்திலேயே ஒத்துக்கொள்வீர்களா? ஒத்துக்கொண்டவருக்குத்தான் ஓட்டு.

மன்றக் கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரல் வரும். அதை வாசித்துவிட்டுப் போங்கள், உங்கள் வார்டு பெயர் இல்லாத தீர்மானத்தையும் சேர்த்து. வரவு செலவுத் தாளைச் செயல் அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். பேசியது பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள்.

மேட்டுத் தெருக் குழாய்க்கு ஒன்றரை வருடம் ஆனது. ஓடைக் குப்பை இன்னும் முழுதாகத் தீரவில்லை. சித்தி பழைய நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டு வாங்கிவிட்டார். அதில் கடைசி நான்கு பக்கத்தில் இந்த வருடம் 18 வயது முடிகிற பிள்ளைகளின் பெயர்கள். படிவம் 6 நிரப்ப ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.